மண் செத்துவிட்டதா? முதலில் வாளியைப் பாருங்கள்

கேள்வி: பர்மாவில் பெகுவுக்குக் கிழக்கே, சித்தாங் ஆற்றுப் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் நெல், அறுத்த கையோடு உளுந்து. அப்பா காலத்திலிருந்து இதே வெள்ளாமைதான். இந்த ஆண்டு யேசின் ஆராய்ச்சி நிலையத்து ரைசோபியம் பாக்கெட் கிடைத்தது, வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவாம். வாளியில் விதையைக் கொட்டி, பாக்கெட், தைராம் தூள், இமிடாக்ளோபிரிட் என்னும் சிவப்புப் பூச்சிமருந்து, கடைக்காரர் கொடுத்த நுண்ணூட்டத் திரவம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, இரவு முழுக்க வைத்திருந்து காலையில் தூவினேன். அடியுரமாக யூரியாவும் போட்டேன். பயிருக்கு இப்போது 28 நாள். வெளிறி நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி வயல். அறுவடை முடிந்ததும் இரண்டு வயலுக்கும் ஒரே ஆள்தான் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தார். தம்பி விதையை எதிலும் கலக்காமல் அப்படியே தூவினான், யூரியாவும் போடவில்லை. அவன் பயிரில் முடிச்சு இருக்கிறது. இத்தனை வருடம் அடித்த மருந்தில் மண்ணில் உள்ள நல்ல கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன என்று ஊரில் சொல்கிறார்கள். நெல்லில் குருத்துப்பூச்சிக்குப் போடும் கார்போபியூரான் குருணையும் முன்போல் கேட்பதில்லை. பூச்சிமருந்தைத் தின்னும் பாக்டீரியா என்று கடையில் ஒரு பாட்டில் விற்கிறார்கள். வாங்கி ஊற்றலாமா ஐயா?

— பெகு வட்டார விவசாயி

பதில்: வணக்கம் ஐயா. பாட்டிலை வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பாட்டிலைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார். உங்கள் தம்பி.

இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர், அப்பா காலத்திலிருந்து ஒரே மருந்துகள், இந்த ஆண்டு ஒரே ஆள் ஒரே டாங்கியில் அடித்த களைக்கொல்லி. மண்ணில் கிருமிகள் செத்திருந்தால் தம்பியின் உளுந்து வேரும் மொட்டையாகத்தானே இருக்க வேண்டும்? அவர் காசு கொடுத்து எந்த ரைசோபியமும் வாங்கவில்லை. அவர் பயிரில் இருக்கும் முடிச்சுகள் முழுக்க மண்ணில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியா கட்டியவை. ஊர்ப்பேச்சுக்கு அந்த வயலே பதில் சொல்லிவிட்டது. இரண்டு வயலுக்கும் வேறுபாடு இரண்டே இரண்டு: உங்கள் வாளி, உங்கள் யூரியா. சந்தேகத்தை அந்த இரண்டின் மேல் வையுங்கள்.

வாளியை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டில் இருக்கும் கறுப்புத் தூளில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. நல்ல பாக்கெட் என்றால் ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கில் இருக்கும். இந்திய அரசின் தர விதி கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதன் பக்கத்திலேயே நீங்கள் போட்ட தைராம், தொட்ட உயிரணுவில் பல நொதிகளை ஒரே நேரத்தில் முடக்கும் பூஞ்சைக்கொல்லி. அது பூஞ்சையை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்து கிடையாது. தைராமும் அதே போன்ற கேப்டானும் ரைசோபியத்துக்கு ஆகாதவை என்பது பயறு ஆராய்ச்சியில் பழைய செய்தி. இமிடாக்ளோபிரிட் அந்த அளவுக்குக் கொடியது இல்லை. ஆனால் நுண்ணூட்டத் திரவத்தில் துத்தநாகமும் தாமிரமும் உப்பாகக் கரைந்திருக்கும், அதுவும் செறிவாக. அந்தக் கலவையில் இரவு முழுக்க ஊறிய பாக்டீரியாவில் காலையில் எத்தனை உயிரோடு வயலுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வயலில் ஏக்கருக்கு 400 கிராம் கிளைபோசேட் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் மேல் 10 சென்டிமீட்டர் மண் மட்டும் ஏறத்தாழ 500 டன் எடை வரும். மருந்து ஒரு சொட்டுக்கூட இலையில் தங்காமல் முழுவதும் மண்ணில் கலந்தாலும் ஒரு கிலோ மண்ணுக்கு 0.8 மில்லிகிராம்தான். இனி வாளிக்கு வாருங்கள். ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் தைராம் தூள், அதில் முக்கால் பங்கு மருந்துச் சரக்கு என்றால் கிலோவுக்கு 1,500 மில்லிகிராம். ஏறத்தாழ 1,900 மடங்கு. அதுவும் விதைத் தோலின் மேலேயே, பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கும் அதே இடத்தில். இரண்டும் வேறு வேறு மருந்துகள், நஞ்சின் கடுமையும் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் மருந்து எவ்வளவு செறிவாக, எவ்வளவு நேரம் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதே உயிரையும் சாவையும் முடிவு செய்கிறது. வயலில் பத்து வருடம் அடித்த மருந்து செய்யாததை வாளியில் ஓர் இரவு செய்துவிடும். நீங்கள் தூளைக் கண்ணளவில் போட்டிருந்தால் இந்த எண் இன்னும் கூடும்.

கிளைபோசேட் பாக்டீரியாவுக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. செடிகளில் அது அடைக்கும் நொதி பாக்டீரியாவிலும் உண்டு. பயறு வகைகளில் முடிச்சு கட்டும் பிராடிரைசோபியம் ஆய்வுக்கூடத் தட்டில் கிளைபோசேட்டைச் செறிவாகக் கொடுத்தால் திணறுகிறது. ஆனால் வயல் மண்ணில், முக்கியமாக உங்கள் பக்கத்துக் களிமண்ணில், கிளைபோசேட் மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவின் கைக்கு எட்டுவது மிச்சம் மீதிதான். அதையும் வேறு சில பாக்டீரியா பிரித்து அதிலிருக்கும் பாஸ்பரஸை எடுத்துக்கொள்கின்றன. தம்பி வயலிலும் அதே மருந்துதான் அடித்தது, அங்கே முடிச்சு வந்திருக்கிறது. அதனால் கிளைபோசேட்டை இந்த வழக்கிலிருந்து இப்போதைக்கு விடுவித்துவிடலாம்.

யூரியாவின் பங்கையும் தள்ளிவிட முடியாது. தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது உளுந்துச் செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து முடிச்சு கட்டிக்கொள்ள அக்கறை காட்டாது. ஆனால் யூரியா போட்ட பயிர் முடிச்சு இல்லாமலும் முதல் சில வாரம் பச்சையாகவே நிற்க வேண்டும். உங்களுடையது 28 நாளில் வெளிறிவிட்டது என்கிறீர்கள். எவ்வளவு யூரியா போட்டீர்கள் என்று எழுதவில்லை. கொஞ்சம்தான் போட்டிருப்பீர்கள் போலிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம். பிடுங்கிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உளுந்தைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது ஐயா. நெல் அறுத்த களிமண் காயும்போது இறுகிவிடும், இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். மண்வெட்டியால் செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து எடுங்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஆட்டி ஆட்டி மண்ணைக் கரையுங்கள். வயலின் நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பத்துச் செடியாவது பார்க்க வேண்டும். முடிச்சு இருந்தால் ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே ரத்தச் சிவப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, அல்லது உபயோகம் இல்லாதது. பச்சையோ பழுப்போ என்றால் அதன் வேலை முடிந்துவிட்டது.

முடிச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். விதையோடு போன பாக்டீரியா பிழைத்திருந்தால் முடிச்சுகள் ஆணிவேரின் மேல்பகுதியில், தண்டுக்கு அருகே கொத்தாக இருக்கும். அந்த இடம் மொட்டையாக இருந்து, தள்ளிப்போன பக்க வேர்களில் மட்டும் இரண்டு மூன்று சின்ன முடிச்சுகள் தெரிந்தால் விதை மேல் இருந்த மருந்து பாக்கெட் பாக்டீரியாவைக் கொன்றது, மருந்து எட்டாத இடத்தில் ஊர் பாக்டீரியா மெதுவாக வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். தைராம் மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் பெருமளவு சிதைந்துவிடும் என்பதால் இப்படித் தாமதமாக முடிச்சு வருவது உண்டு. அப்படி இருந்தால் பாதிக் கவலையை விடுங்கள்.

இன்னொன்று. வெளிறல் எப்படி இருக்கிறது? அடி இலையிலிருந்து இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. இலையில் பளிச்சென்று மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, அதுவும் இளம் இலைகளில் தெரிந்தால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது, முடிச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் இதுவரை எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது.

குருணை மருந்து முன்போல் கேட்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மண்ணில் கிருமிகள் செத்துவிட்டன என்று ஒரு பக்கம், மருந்து கேட்பதில்லை என்று மறுபக்கம். இரண்டாவதற்குக் காரணம் உங்கள் கிருமிகள் அந்த மருந்தையே சாப்பிட்டுக் கொழுத்திருப்பதாகக்கூட இருக்கலாம்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஆடஸ். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாகச் சிக்கி, இந்தோனேசியத் தீவுகளின் முகாம்களில் கிடைத்ததை வைத்து ஈஸ்ட் வளர்த்து, வைட்டமின் இல்லாமல் பார்வை மங்கிக்கொண்டிருந்த சக கைதிகளுக்குக் கொடுத்தவர் அவர். சயாம் மரண ரயில் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த முகாம்கள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. போர் முடிந்தபின், 1949-இல், ஒரு சோதனையை வெளியிட்டார். 2,4-டி களைக்கொல்லி கலந்த நீரை மண் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முதல் தடவை பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மருந்து மளமளவென்று மறைந்தது. அதே மண்ணில் மறுபடி மருந்தை விட்டபோது காத்திருப்பே இல்லை, உடனே சிதையத் தொடங்கிவிட்டது. அந்த மருந்தைத் தின்னத் தெரிந்த பாக்டீரியா முதல் தடவையிலேயே பெருகித் தயாராக நின்றிருந்தது.

நெல் வயலில் இதே கதை பிலிப்பைன்ஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. புகையான் பூச்சிக்கு டயசினானை வயல் தண்ணீரில் போட்டுவந்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு மருந்து நிலைக்கவே இல்லை. இந்திய விஞ்ஞானி சேதுநாதன் அங்கே ஆராய்ந்து, திரும்பத் திரும்ப மருந்து போட்ட வயல் தண்ணீரில் அது மிக வேகமாகச் சிதைவதை 1972-இல் காட்டினார். மறு ஆண்டு அவரும் உடன் ஆராய்ந்த யோஷிதாவும் அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டயசினானையே உணவாகக் கொண்டு வளரும் உயிர் அது. அதனிடம் இருக்கும் நொதி, டயசினானைச் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்து மருந்துகளின் நடுவில் ஒரு குறிப்பிட்ட பிணைப்பில் தண்ணீரைச் செருகி இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய பிறகு அது பூச்சியின் நரம்பைத் தாக்கும் விஷமாக இருப்பதில்லை. அமெரிக்காவில் வேறு ஒரு பாக்டீரியாவிலும் பிற்பாடு ஏறக்குறைய இதே மரபணு கிடைத்தது. இரண்டிலும் அது பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் உட்கார்ந்திருந்தது. பாக்டீரியா இந்த வளையங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிக்கொள்ளும். ஒரு வயலில் ஒரு பாக்டீரியா கற்ற வித்தை அக்கம்பக்கத்துக்குப் பரவ அதிக நாள் பிடிப்பதில்லை.

கார்போபியூரானும் இப்படித்தான். அமெரிக்கச் சோள வயல்களில் ஆண்டுதோறும் அதையே போட்டதில் மண் பழகிப்போய், மாதக்கணக்கில் நிற்க வேண்டிய மருந்து சில நாளில் மறைந்த கதை அங்கே பல விவசாயிகளுக்குத் தெரியும். உங்கள் வயலிலும் இது நடந்திருக்கலாம். ஆனால் நிச்சயம் என்று சொல்லமாட்டேன், வேறு இரண்டு காரணங்களும் இருக்கின்றன. பூச்சியே அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம். அல்லது குருணையே சரியில்லாமல் இருக்கலாம். தாய்லாந்து, சீன எழுத்து மட்டும் அச்சடித்த பைகள் எல்லைக்கு அப்பாலிருந்து வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே என்ன, எவ்வளவு என்று வாங்குகிறவர் படிக்க முடியாத மருந்தை வயலில் போடுவதை நான் எந்த நாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எந்தக் காரணமானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: கார்போபியூரானை விட்டுவிடுங்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உட்படப் பல நாடுகள் அதை வயலிலிருந்து விலக்கிவிட்டன. நெல் வயலில் வாத்து மேய்க்கும் ஊரில் அது இன்னும் ஆபத்து, ஒரு சில குருணை ஒரு பறவைக்குப் போதும். கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவது இருப்பதிலேயே தவறான வழி. பாக்டீரியா தின்பதுதான் காரணம் என்றால் நீங்கள் கூடுதலாகப் போடுவது அதற்குக் கூடுதல் சோறு. அதே கார்பமேட் குடும்பத்து மருந்துக்கு மாறினாலும் சில சமயம் பழகிய மண் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். குடும்பமே மாற வேண்டும், அதுவும் தேவையான பருவத்தில் மட்டும்.

பாக்டீரியாவின் பெருமையைச் சொல்லிவிட்டு அது எல்லா விஷத்தையும் சுத்தம் செய்துவிடும் என்ற எண்ணத்தை விட்டுப்போனால் தவறாகிவிடும். மாலத்தியான் போன்றவை சில நாளில் சிதைந்துவிடும். நீங்கள் விதையில் தடவிய இமிடாக்ளோபிரிட் மண்ணில் மாதக்கணக்கில், சில மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் தங்கும். நம் பாட்டன்மார் காலத்தில் கொசுவுக்கு அடித்த டி.டி.டி. பல ஆண்டு நிற்கும். அதையும் பாக்டீரியா சும்மா விடுவதில்லை, டி.டி.இ. என்னும் வேறொன்றாக மாற்றுகிறது. ஆனால் அந்த டி.டி.இ. முந்தியதைப் போலவே பிடிவாதமாக மண்ணில் கிடக்கும். குளோர்பைரிபாஸ் இன்னொரு விதம். அதைப் பாதியாக வெட்டும்போது கிடைக்கும் துண்டு பாக்டீரியாவுக்கே நஞ்சு. சாப்பிடுகிறவர்களின் வாயையே அது கட்டிவிடுவதால் மற்ற மருந்துகளைப் போல மண் இதற்குச் சீக்கிரம் பழகுவதில்லை. தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியைப் பற்றிப் பேசவே வேண்டாம், தாமிரம் ஒரு தனிமம், எந்த உயிராலும் அதை உடைக்க முடியாது. போட்டது போட்டபடி மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். வெற்றிலைக் கொடிக்காலில் போர்டோ கலவையைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மண்ணின் நிலைமையும் உண்டு. சிதைப்பவை உயிர்கள் என்பதால் அவற்றுக்கு ஈரமும் சூடும் தீனியும் வேண்டும். மார்ச், ஏப்ரலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது மருந்துச் சிதைவு ஏறக்குறைய நின்றுவிடும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும்போது காற்றில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாவின் ஆட்சி நடக்கும். பி.எச்.சி. போன்ற குளோரின் மருந்துகள் உலர்ந்த மண்ணைவிட வெள்ளம் நிற்கும் நெல் மண்ணில் வேகமாகச் சிதைவதை 1960-களிலேயே கண்டார்கள். ஒரு போகம் நீரிலும் ஒரு போகம் ஈரத்திலும் கிடக்கும் உங்கள் வயலில் இரண்டு வகைப் பாக்டீரியாவும் மாறி மாறி வேலை செய்கின்றன. நெல்லும் உளுந்தும் மாற்றி விதைத்த உங்கள் அப்பா இதை அறிந்து செய்திருக்க மாட்டார், ஆனால் சரியாகச் செய்திருக்கிறார்.

இனி பாட்டில். அதில் எந்த மருந்தைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எல்லா மருந்தையும் தின்னும் என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடலாம். ஒரு நொதி ஒருவகைப் பிணைப்பைத்தான் வெட்டும். டயசினானை வெட்டுவது தைராமைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரியான பாக்டீரியாவாகவே இருந்தாலும், கோடிக்கணக்கான ஊர் உயிர்கள் நெருக்கியடித்து வாழும் மண்ணில் அது புதிதாக இறங்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கும் வெளியூர்க்காரன் நிலைமைதான் அதற்கு. மண்ணில் திரியும் ஒற்றைச் செல் உயிர்கள் அதைப் பிடித்துத் தின்னும். அது தின்ன வேண்டிய மருந்தோ கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, அதில் பாதி களிமண்ணில் ஒட்டிக்கிடக்கிறது. பட்டினியில் போய்விடும்.

இந்த வித்தை பலிக்கும் இடம் வேறு. ஆஸ்திரேலியாவில் ஆடுகளைப் பேன் மருந்தில் முக்கி எடுத்த தொட்டித் தண்ணீரில் மிஞ்சும் ஆர்கனோபாஸ்பேட்டை அழிக்க, ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதியையே தூளாக்கி விற்றார்கள். அங்கே விஷம் ஒரே இடத்தில் செறிவாக, தண்ணீரில் கரைந்து நிற்கிறது, என்ன விஷம் என்றும் தெரியும். வயலில் இந்த மூன்றும் இல்லை. உங்கள் வயலில் அந்தப் பாட்டில் சரிசெய்ய வேண்டிய கோளாறும் இல்லை. உளுந்து விலை நம் கையில் கிடையாது. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு வைத்ததும் விலை எப்படி விழுந்தது என்று பார்த்தோம். நம் கையில் இருப்பது செலவு மட்டும்தான், அதில் இந்தப் பாட்டிலைச் சேர்க்காதீர்கள்.

பாட்டிலுக்கு வைத்திருந்த காசில் கால் பங்கு போதும், வீட்டோரம் ஒரு குழி வெட்டுங்கள். வயல் மருந்தில் குளம் குட்டைக்கு மிக மோசமான கெடுதல் பல சமயம் தெளிப்பதில் வருவதில்லை. தெளிப்பானைக் கழுவி ஊற்றும் இடத்தில் வருகிறது. வாய்க்கால் ஓரத்தில் தினம் அதே இடத்தில் கழுவினால் அங்கே மருந்து வாளியில் இருந்ததைப் போலச் செறிந்துவிடும். ஸ்வீடனில் 1990-களில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். குழியின் அடியில் களிமண்ணை மெத்தி, அதன் மேல் பாதிக்குப் பாதி நறுக்கிய வைக்கோலும், மீதிக்கு மண்ணும் பீட் என்னும் சதுப்பு நில மக்கும் கலந்து நிரப்புவார்கள். பீட்டுக்குப் பதில் நமக்கு நன்றாக மக்கிய எரு போதும். கழுவு நீரை அதில் மட்டும் ஊற்ற வேண்டும். வைக்கோலை மட்கவைக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் மருந்தையும் சேர்த்துச் சிதைக்கும். மழை நீர் நிரம்பி வழியாதபடி மேலே ஒரு கூரை வேண்டும். கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும். வைக்கோல் உங்கள் ஊரில் எரித்துத் தீர்க்கும் அளவுக்குக் கிடக்கிறது.

அடுத்த விதைப்புக்கு வாளியை இப்படிப் பிரியுங்கள். பூஞ்சைக்கொல்லி அவசியம் என்றால் அதை முதல் நாள், கிலோவுக்கு 2 கிராம், உலர் விதையில் புரட்டி நிழலில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே வெயில் தாழ்ந்ததும் தூவுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் முறைதான் இது. எனக்கு இதைவிடப் பிடித்தது தைராமையே விட்டுவிட்டு டிரைக்கோடெர்மா என்னும் நல்ல பூஞ்சையைக் கிலோவுக்கு 4 கிராம் பூசுவது. அது ரைசோபியத்தோடு சண்டை போடாது. நுண்ணூட்டத் திரவம் விதையில் வேண்டவே வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு இலையில் அடிக்கலாம். மருந்து பூசாமல் முடியாது என்ற நிலை வந்தால் ரைசோபியத்தை விதையில் பூசாமல், ஏக்கருக்கு 4 பாக்கெட்டை 10 கிலோ மக்கிய எருவிலும் 10 கிலோ மணலிலும் கலந்து மாலையில் ஈர மண்ணில் தூவிவிடுங்கள். பாக்கெட்டை வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். தகரக் கூரைக் கடையில் வெயிலில் அடுக்கியிருந்த பாக்கெட் என்றால் உங்கள் வாளிக்கு வரும் முன்பே அது செத்திருக்கும்.

நிற்கும் பயிருக்கு இனி பாக்டீரியா ஊற்றிப் பயனில்லை. பூக்கும் சமயத்தில் ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை, 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் அடியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ. முதல் நாள் மாலையே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி மீதித் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். விளைச்சல் தம்பி அளவுக்கு வராவிட்டாலும் கைவிட்டுப் போகாது.

நான் வாளியைத்தான் குற்றம் சொல்கிறேன் என்றாலும் கடிதத்தைப் படித்துத் தீர்ப்பு எழுதுவது ஒன்று, மண்ணில் பார்ப்பது வேறொன்று. தேநீர்க் கடையில் பால் டின்கள் கேட்டு வாங்கி அடியில் ஓட்டை போடுங்கள். உங்கள் வயலில் யூரியா படாத வரப்போர மண்ணை எல்லாவற்றிலும் நிரப்புங்கள். மூன்று டின்னில் எதுவும் பூசாத விதை. மூன்றில் ரைசோபியம் மட்டும். மூன்றில் வாளியில் கலந்தது போலவே எல்லாம் கலந்த விதை. மூன்றில் பூசாத விதையோடு ஒரு சிட்டிகை யூரியா. டின்னுக்கு இரண்டு செடி நின்றால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. நாலு வாரத்தில், அதாவது பொங்கல் வாக்கில், டின்னைக் கவிழ்த்து வேரைக் கழுவி, எத்தனை முடிச்சு, வேரில் எந்த இடத்தில், வெட்டினால் உள்ளே என்ன நிறம் என்று எழுதி அனுப்புங்கள். வாளி டின்களில் மட்டும் முடிச்சு இல்லையென்றால் என் சந்தேகம் சரி. எல்லா டின்னிலும் இல்லையென்றால் கொஞ்சம் மண்ணையும் அனுப்புங்கள், புளிப்புத் தன்மையிலிருந்து தொடங்கி வேறு வழியில் தேட வேண்டியிருக்கும்.